கேட்டுச் சொல்கிறேன்

மார்ச் 30, ஞாயிறு

இந்த வருடத்தின் முதல் கோடை மழை. ஆராதனை முடிந்து கோயில் படி இறங்குவதற்குள் பிடித்துக்கொண்டது. கோத்தகிரியில் மார்ச் மாதத்து மழையை நம்ப முடியாது. ஆனாலும் மண் நனைந்திருக்கும்போதே பீன்ஸ் ஊன்றிவிட்டேன். பந்தலுக்குப் போன வருடத்துக் கம்புகளே போதும். காரட் பாத்தியில் களை மண்டிக் கிடக்கிறது. டேலியாவுக்கு எரு போட வேண்டும்.

தங்கை தபி மதியம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினாள். காப்பிப்பொடி நிறம். யாருக்கு என்று கேட்டதற்கு, "ஆர்டர்தான்க்கா" என்றாள். கடைகளுக்கும் பள்ளி விடுதிகளுக்கும் பின்னித்தருவது அவள் தொழில். ஆர்டருக்குப் பின்னும்போது ரேடியோ வைத்துக்கொள்வாள். இன்றைக்கு ரேடியோ இல்லை. பெரிய வெள்ளிக்காகப் பாடகர் குழுவில் பழகுகிற பாட்டைத் தானே முனகிக்கொண்டிருந்தாள். அவள் டீ போட எழுந்தபோது முதுகுப் பக்கத்தை விரித்துப் பார்த்தேன். நல்ல அகலம். உயரமான ஆண் யாருக்கோ.

தோட்டக்கலை அலுவலகத்தில் க்ளார்க்காக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து இந்த டைரியைத் தோட்டத்துக்காகத்தான் எழுதி வருகிறேன். என்ன விதைத்தேன், எப்போது மழை, எப்போது காட்டுமாடு வந்து மேய்ந்தது. ஸ்வெட்டரைப் பற்றி எழுத இது இடமில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் வெயில். மதியம் மேற்கே கறுத்து, இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டது. கரண்ட் இல்லை. தபி உல்லன் நூல் வாங்கக் குன்னூர் போயிருந்தாள்.

மழைக்கு நடுவில் ஜெயசிங் வந்தார். பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிறவர். டீ ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் பெங்களூரில். அரவேனுவில் தனியாக இருக்கிறார். குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டு, சேற்றுக்கால் என்று உள்ளே வரவே தயங்கினார்.

"தபீத்தாள் இல்லையேன்னுதான் இன்னைக்கு வந்தேன்க்கா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். புரிந்தது.

டீ ஆறிப்போகும்வரை அவர் அதைத் தொடவில்லை. அப்புறம் சொன்னார். "அவங்களுக்கு இஷ்டம்னா கல்யாணம் பண்ணிக்கலாம்னு நினைக்கிறேன். இந்த வயசுல இப்படிக் கேட்கிறது தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. மகன்கிட்ட பேசிட்டேன், அவனுக்கு சந்தோஷம்தான். நேர்ல கேட்க எனக்குத் தைரியம் வரலை. முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கும் கஷ்டமா இருக்கும் பாருங்க. நீங்க பெரியவங்க. நீங்க கேட்டுச் சொல்லுங்கக்கா."

"கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றேன்.

தபி நனைந்துபோய் வந்தாள். தலை துவட்டிக்கொண்டே, யார் வந்தது, ரெண்டு டம்ளர் கழுவிக் கிடக்கே என்று கேட்டாள். பால் கணக்குக்கு ஆள் வந்தான் என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

பீன்ஸ் இன்னும் முளைக்கவில்லை. தபியிடம் பேசச் சமயம் வாய்க்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனையில் ஜெயசிங் பாடகர் வரிசையிலிருந்து என்னைப் பார்த்தார். இன்னும் கேட்கவில்லை என்பதுபோலத் தலையசைத்தேன். அவரும் பொறுமையாகத் தலையசைத்தார். தபி அவருக்கு முன் வரிசையில் நின்று பாடினாள். நீல நிறப் புடவை. அது என் புடவை. என்னைக் கேட்காமல் எடுத்துக் கட்டியிருக்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் இதில் பல விஷயங்கள் இருக்கின்றன. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. இன்றைக்கு நன்றாக நடமாடுகிறார், நாளைக்குப் படுத்துவிட்டால்? அப்பா பக்கவாதத்தில் கிடந்த வருடங்களெல்லாம் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டு, தன் வயதையெல்லாம் தபி அந்தக் கட்டிலடியில் விட்டாள். நான் ஆபீஸ் போனேன். வீட்டுக்குச் சம்பளம் வேண்டுமே. அவளுக்கு வந்த வரன்களெல்லாம் அப்போதுதான் வந்து போயின. இப்போது ஐம்பத்திரண்டு வயதில், மறுபடியும் ஒரு நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சவா? அவள் யோசிக்க மாட்டாள். அவள் எப்போதும் சரி என்று சொல்கிறவள். அவளுக்காக யோசிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

மாலையில் தூறல். ஃப்யூஷியா தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தினோம். இடுப்பு பிடித்துக்கொண்டது. தபி தைலம் தேய்த்துவிட்டாள். அவள் கை அப்பாவைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை, எங்கே வலி என்று சொல்ல வேண்டியதே இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

உரம் வாங்க மார்க்கெட் போனேன். ஜெயசிங் நாற்றுக் கடையில் ஜெரேனியம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்றார்.

"கேட்டேன் தம்பி" என்றேன். "இந்த வயசுல அதெல்லாம் வேண்டாம்கிறா."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஜெரேனியத்தைப் பார்த்தேன். நல்ல சிவப்பு.

"நீங்க அவகிட்ட இதைப் பத்திப் பேசிட வேண்டாம். ரொம்பக் கூச்சப்படுவா" என்றும் சொன்னேன். இதை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது.

"இல்லக்கா, என்னால அவங்களுக்கு ஒரு சங்கடம் வரக் கூடாது. நீங்க சிரமம் எடுத்துக் கேட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றார். என் உர மூட்டையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ்ஸில் ஏற்றி, சீட்டுக்கடியில் தள்ளி வைத்துவிட்டு, கண்டக்டரிடம் அக்காவுக்கு இறக்க உதவி பண்ணுப்பா என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மனிதர்தான். நான் அவரை ஒரு நாளும் கெட்டவர் என்று சொன்னதில்லை.

ஏப்ரல் 9, புதன்

மழை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பீன்ஸ் முளைத்துவிட்டது. இரண்டிரண்டு இலை.

பாடகர் குழுவில் ஜெயசிங் இல்லை. புதன் பாட்டுப் பழக்கத்துக்கும், வெள்ளிப் பழக்கத்துக்கும் அவர் வரவில்லையாம். பவனி முடிந்து குருத்தோலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டே தபி கேட்டாள்: "உடம்பு கிடம்பு சரியில்லையோ? அவர் இல்லாம அந்தப் பாட்டு நிக்காதுக்கா. நீ மார்க்கெட்ல பார்த்தேன்னு சொன்னியே, நல்லாத்தானே இருந்தார்?"

"நல்லாத்தான் இருந்தார்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"ஜெரேனியம் வாங்கினார்" என்றேன். அதுகூட உண்மையில்லை. அவர் அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை.

ஸ்வெட்டரில் இரண்டு கையும் முடிந்துவிட்டது. கழுத்துதான் பாக்கி.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. வெளியே காற்று மரங்களைப் பிடித்து உலுக்கியது. சிலுவை மொழிகளில் ஏழாம் வார்த்தைக்கு முன்பு ஓட்டின்மேல் ஒரு கிளை விழுந்து எல்லோரும் திடுக்கிட்டோம்.

ஜெயசிங் வந்திருந்தார். பாடகர் வரிசையில் இல்லை, கடைசி பெஞ்சில். பாட்டில் ஓரிடத்தில் தபியின் குரல் நின்றுவிட்டது. கனத்த குரல் தாங்க வேண்டிய இடம் அது. ஆராதனை முடிந்ததும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் ஓட்டமும் நடையுமாக அவர் பின்னாலேயே போனாள். நான் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். பிறகு குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டே போய்விட்டார்.

"என்ன சொன்னார்?"

"தொண்டை சரியில்லையாம்." அவ்வளவுதான் சொன்னாள். வழியில் குடையை அவள் விரிக்கவில்லை. நாங்கள் இருவரும் நனைந்துதான் வீட்டுக்கு வந்தோம்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பீடத்தில் எங்கள் தோட்டத்து லில்லி.

திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க நான் முன்னால் போகவில்லை. எங்கள் வரிசை எழுந்தது. தபி எனக்காக ஒதுங்கி வழிவிட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். திடப்படுத்தல் எடுத்து முதல் திருவிருந்து வாங்கிய நாளிலிருந்து ஈஸ்டர் அன்று நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததே இல்லை. 'அயலானோடு சமாதானமாயிருந்து' என்று போதகர் வாசிக்கும்போது நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தபி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். வலியே இல்லாத முழங்காலுக்கு.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆலங்கட்டி மழை. எலுமிச்சைக் காய் அளவு கட்டிகள். கொஞ்ச நேரம்தான், ஆனால் தோட்டத்தைத் துவம்சம் செய்துவிட்டது. காரட் தழை மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. பட்டாணி போயிற்று. ஹைட்ரேஞ்சியா இலையெல்லாம் சல்லடைக்கண். பீன்ஸ் கொடியில் பாதிதான் மிஞ்சும்.

ஒடிந்ததைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். தபி ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஸ்வெட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து ஆரம்பித்து மார்புவரை வந்திருந்தாள். நூல் சுருள் சுருளாக மடியில் கிடந்தது.

"ஏன் பிரிக்கிறே?"

"ஆர்டர் வேண்டாம்னுட்டாங்க" என்றாள்.

நான் எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். அவள் நூலை என் கையில் சுற்றினாள். சின்ன வயதிலிருந்து நாங்கள் அப்படித்தான் நூல் சுற்றுவோம். வெளியே கட்டிகள் உருகி ஓடிக்கொண்டிருந்தன. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

தபி சரியாகச் சாப்பிடுவதில்லை. பழக்கத்துக்குப் போகவில்லை. எனக்கு வேண்டிய எல்லாம் செய்கிறாள். இட்லி, மாத்திரை, வெந்நீர். எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. முன்பு இருந்தது போலவேதான் எல்லாம் இருக்கிறது. இப்படி இருக்க வேண்டும் என்றுதானே...

களைக்கொத்தி பிடி உடைந்தது. புதிது வாங்க வேண்டும்.

ஏப்ரல் 26, சனி

விடியும்போது காட்டுமாடு வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்து, ஆலங்கட்டிக்குத் தப்பிய பீன்ஸையும் மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது. காலைச் சாப்பாடு முடிந்து நானும் தபியும் வேலி கட்டினோம். நான் கம்பைப் பிடித்துக்கொள்ள, அவள் கம்பி இழுத்துக் கட்டினாள். தூறிக்கொண்டே இருந்தது.

"ஜெயசிங் வீட்டை விக்கிறாராம்" என்றாள், கம்பியைப் பார்த்துக்கொண்டே. "மகன்கிட்டயே போறாராம், பெங்களூருக்கு. அடுத்த வாரம்."

நான் கம்பை நேராக்கினேன்.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேட்கட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"பழக்கத்துல நான் அவர்கிட்டக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்னு நினைக்கிறேன். ஒரு நாள் எல்லாரும் போன பிறகும் பேசிட்டே நின்னேன். மழை விடட்டும்னு. விட்ட பிறகும் நின்னேன். வயசான காலத்துல இவளுக்கு என்ன இப்படின்னு நினைச்சிருப்பாரு, இல்ல? அதான் ஊரைவிட்டே போறார் போல. எனக்குக் கோயிலுக்குப் போகவே கூச்சமா இருக்கு."

கம்பு என் கையை விட்டுச் சாய்ந்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.

சொல்லிவிட்டேன். அவர் மழையில் வந்தது, டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது, கேட்டது, மார்க்கெட்டில் நான் சொன்னது, அவருடைய சர்க்கரையை நினைத்துப் பயந்தது, எல்லாம். கோர்வையாகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது.

அவள் கம்பைக் குழியில் நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினாள். பிறகு கேட்டாள்: "என்கிட்ட கேட்டதாச் சொன்னியா?"

"ஆமா."

"நான் என்ன சொன்னதாச் சொன்னே? அந்த வார்த்தையை அப்படியே சொல்லு."

"இந்த வயசுல அதெல்லாம் வேண்டாம்னு."

"நான் எப்பவாவது அப்படிப் பேசியிருக்கேனா?"

இல்லை. அவள் வயதைப் பற்றிப் பேசியதே இல்லை. அது என் பேச்சு.

மிச்சக் கம்பியையும் அவள் கட்டி முடித்தாள். ஒரு முடிச்சுகூட விடவில்லை. உள்ளே போய்க் கைகழுவிவிட்டு வந்து சொன்னாள்: "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நீங்களே அரவேனு போய் அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

நீங்க என்றாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு நான் நீதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை. ஏற்றத்தில் தண்ணீர் ஓடைபோல இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தடவை நின்றேன்.

ஜெயசிங் வீட்டில் அட்டைப் பெட்டிகள், கயிறு. சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெளிறித் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் பதறிப்போய்த் துண்டு கொண்டுவந்தார். "இந்த மழையில ஏன்க்கா, ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே?"

உட்காராமலே சொன்னேன். நான் தபியிடம் கேட்கவே இல்லை. அன்றைக்குச் சொன்னது பொய்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் பெட்டியிலிருந்த கயிற்றைக் கையில் எடுத்தார்.

"அப்போ அவங்க வேண்டாம்னு சொல்லலையா?"

"அவளுக்கு நேத்துவரைக்கும் ஒண்ணுமே தெரியாது."

"வேண்டாம்னு சொல்லலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. குடையைத் தேடினார், செருப்பைத் தேடினார், கையில் இருந்த கயிற்றைக் கீழே வைக்க மறந்து அதோடு சுற்றினார். என்மீது கோபப்பட வேண்டும் என்பதே அவருக்கு நினைவில்லை. கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தாலும் எனக்கு இத்தனை அவமானமாக இருந்திருக்காது.

வாசலில் கதவைப் பூட்டும்போதுதான் திரும்பிக் கேட்டார்: "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"அவளுக்கு நல்லதுன்னு நினைச்சேன் தம்பி."

"சரிக்கா" என்றார். அதையும் நம்பிவிட்டார். நான் சொல்வதையெல்லாம் நம்புகிறார்.

வீட்டில் தபி வாசற்படியிலேயே நின்றிருந்தாள். அவரை உள்ளே கூப்பிடவில்லை. கூரைத் தண்ணீர் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்காகிட்ட கேட்டீங்க, அக்கா பதில் சொல்லிட்டாங்க" என்றாள். அவள் அவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. "என் கல்யாணத்தைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சு, ஒருத்தர் வீட்டை விக்கிற அளவுக்குப் போயாச்சு. என்கிட்ட இன்னும் யாரும் ஒண்ணும் கேட்கல."

ஜெயசிங் குடையை மடக்கிவிட்டார். மழையில் ஏன் மடக்கினார் என்று தெரியவில்லை. மரியாதைக்காக இருக்கும். நான் பக்கவாட்டு வழியாகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன், அவர்கள் பேசுவது என் காதில் விழாதபடி.

மே 4, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். ஜெயசிங்குக்கும் தபீத்தாளுக்கும் விவாகம் நடக்கவிருப்பதால், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி போதகர் கேட்டார். மூன்று ஞாயிறு இப்படி வாசிப்பார்கள். சபை அமைதியாக இருந்தது. நானும் அமைதியாக இருந்தேன்.

வெளியே வந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மாதர் சங்கத் தலைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க தங்கச்சிக்கு இந்த வயசுலயும் ஒரு வாழ்க்கை அமைச்சுக் கொடுத்தீங்களே ஹெப்சி அக்கா, கூடப் பிறந்தா இப்படிப் பிறக்கணும்" என்றாள். கண் கலங்கிச் சொன்னாள். தபி பக்கத்தில்தான் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கட்டும் என்றுகூட இருந்தது. அவள் புன்னகை மாறாமல், "ஆமா" என்றாள்.

மே 8, வியாழன்

மிளகாய் நாற்று நட்டேன். ஜெயசிங் அரவேனு வீட்டை விற்கவில்லையாம். தபி என்னோடு பேசுகிறாள், பேசாமல் இல்லை. சாப்பிட வாங்க. மாத்திரை போட்டீங்களா. கேஸ் புக் பண்ணிட்டேன். விருந்தாளியிடம் பேசுவதுபோல.

மே 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. மழையில் போதகர் குரல் பாதிதான் கேட்டது. ஆராதனை முடிந்து அவரிடம் நடந்ததைச் சொன்னேன், தபி கஷ்டப்படுவாள் என்ற பயத்தில் செய்ததாக.

மே 15, வியாழன்

இன்று தபி எனக்கு ஃபோனில் கேஸ் புக் செய்யக் கற்றுக்கொடுத்தாள். கரண்ட் பில் கட்டவும். மாத்திரைகளைக் காலை, மாலை என்று தனித்தனி டப்பாவில் போட்டு, மூடியில் பேனாவால் எழுதினாள். நான் ஒரு வருடத்துக்கும் மேல் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறேன். எது எதற்கு என்று எனக்குத் தெரியாது என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள். "இது மழையில இறுகிக்கும். தோளால ஒரு தள்ளு தள்ளணும். இழுக்காதீங்க."

மே 18, ஞாயிறு

மூன்றாம் ஓலை. யாரும் தடை சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

நாளைக்குக் கல்யாணம். நாலைந்து நாளாக விடாத மழை. குன்னூர் சாலையில் மண் சரிந்து, ஜெயசிங்கின் மகன் மேட்டுப்பாளையத்திலிருந்து நேரே கோத்தகிரிச் சாலை வழியாக வந்து சேர்ந்தான். நல்ல பையன். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறான்.

மதியம் பீடத்துக்குப் பூ தேடித் தோட்டத்தில் இறங்கினேன். ஹைட்ரேஞ்சியா மறுபடி துளிர்விட்டிருக்கிறது, ஆனால் பூ இல்லை. கொஞ்சம் ஃபெர்ன் இலைதான் வெட்டினேன். உள்ளே வந்தபோது தபி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். பின்னல் ஊசிகளை ஒரு துணியில் சுற்றிக் கடைசியாக வைத்தாள்.

கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. நாளைக்கு முடியாது.

"தபி, மன்னிச்சிட்டியா?"

கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவருக்குச் சர்க்கரை இருக்குன்னீங்க. நான் கஷ்டப்படுவேன்னு பயந்தேன்னீங்க. போதகர்கிட்டயும் அப்படித்தான் சொன்னீங்களாம்."

"ஆமா."

"அதெல்லாம் இல்லைன்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்க தனியா இருக்கப் பயந்தீங்க."

ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை.

"அந்த மழையில அவர் வந்துட்டுப் போன அன்னைக்கே, 'தபி, அவர் இப்படிக் கேட்டார், நீ போயிட்டா எனக்குப் பயமா இருக்கும்'னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, நான் போயிருக்கவே மாட்டேன். அவர்கிட்ட நானே வேண்டாம்னு சொல்லிட்டு இங்கயே இருந்திருப்பேன். சாகுற வரைக்கும் இருந்திருப்பேன். உங்களுக்கு அது தெரியும்னு நினைச்சேன்."

எழுந்து பெட்டியின் பூட்டை அழுத்தினாள்.

"நீங்க பொய் சொன்னதாலதான்க்கா எனக்குக் கல்யாணம் ஆகுது. மன்னிக்கிறதா, நன்றி சொல்றதான்னே எனக்குத் தெரியல. அதனாலதான் ஒண்ணும் பேசாம இருக்கேன்."

ஃபெர்ன் இலைகளை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

மே 26, திங்கள்

கல்யாணம் நன்றாக நடந்தது. அந்த நேரத்துக்கு மட்டும் மழை விட்டிருந்தது. பாடகர் குழுவில் இருவர் குறைந்ததால் பாட்டு கொஞ்சம் மெலிந்திருந்தது. திருவிருந்துக்கு முன்னால் போனேன். முழங்கால் போட்டேன்.

மே 29, வியாழன்

காலையில் மிளகாய்ச் செடிக்கு முட்டுக்குச்சி கொடுத்தேன். மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. காற்று சில்வர் ஓக் மரங்களைத் தரைவரை வளைத்தது. பின்கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினேன். கரண்ட் போயிற்று. வீடு பெரிதாக இருந்தது. இத்தனை வருடமாக இந்த வீட்டில் மூன்று அறைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபோன் அடித்தது. தபி.

"அங்க எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல, நல்ல மழை. நான் நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தேன். வாய்க்கு அதுதான் பழக்கம். அப்புறம் நிறுத்திக்கொண்டேன். இரண்டு பக்கமும் மழைச் சத்தம்.

"பயமா இருக்கு தபி" என்றேன். "தனியா இருக்கப் பயமா இருக்கு. வரச் சொல்லல. சும்மா சொல்றேன்."

ஃபோனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"எனக்கும்தான்" என்றாள். "அவர் டவுனுக்குப் போனார், மழையில மாட்டிக்கிட்டார். எனக்கு இது புது வீடு. எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுன்னே எனக்கு இன்னும் தெரியல. கரண்ட் இல்லாததும் நல்லதாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

"வைக்கட்டுமா?" என்றேன்.

"வைக்காதீங்க."

அந்த வீட்டுச் சமையலறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். உப்பு எங்கே இருக்கிறது, அரிசி டின் எத்தனை உயரத்தில், புகைபோக்கி வழியாக மழை எப்படி அடுப்பில் சொட்டுகிறது, கொல்லையில் தக்காளி போட எவ்வளவு இடம் இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மண் அமில மண், முதலில் சுண்ணாம்பு போட வேண்டும் என்றேன். எவ்வளவு என்று கேட்டாள்.